கீழே பார்க்கும் சிலைகள்

அந்த வெளிநாட்டு நகரத்தில் கட்டடத்துக்கு ஒரு சிலை சிறகோடு நின்று தெருவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் அம்மா ஒன்றைக்கூட விடாமல் கும்பிட்டாள்.

“மானம் போகுதும்மா. எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் மகள்.

“எந்த ஊர் சாமியா இருந்தா என்னடி, காவலுக்குத்தானே நிக்குது.”

“அப்போ கொஞ்சம் தள்ளிப் பின்னாடி வா.”

அம்மா பின்தங்கினாள். தெருமுனையில் மகள் நம்மூர் பழக்கத்தில் வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினாள். யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இடது பக்கமிருந்து வந்த பேருந்து மூக்கை உரசாத குறையாகப் போனது.

“விடும்மா, கழுத்து இறுக்குது,” என்று திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை. அம்மா தூரத்தில் வேறொரு சிலையின் முன் கண்ணை மூடி நின்றிருந்தாள்.

அம்மா மெதுவாக வந்து சேர்ந்தாள். “எங்கடி போய்ச் சாஞ்ச? காலரெல்லாம் ஒரே கல்லுப்பொடி,” என்று தட்டிவிட்டாள்.

மகள் அண்ணாந்தாள். தலைக்கு மேலே, தெருமுனைக் கட்டடத்தின் வாசல் வளைவில் நின்ற சிலை அவளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. கும்பிடத் தோன்றியது. யாராவது கவனிக்கிறார்களா என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

கூப்பிய கையோடு நிமிர்ந்தபோது சிலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தது.