ஐந்து கடலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. உலையில் போட்ட பருப்பு வேகுமுன் முடிந்துவிடுகிற கதை ஒன்று சொல்கிறேன். ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், இந்த மழைக்காலத்தில் நடந்தது.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு ஐந்து கடலையையும் அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். போன கேள்விக்கும் ஐந்து, அதற்கு முந்தியதற்கும் ஐந்து. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஜெயந்தினிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஜெயந்தினி யாழ்ப்பாணத்துப் பெண். கையில் இருக்கிற கொஞ்சக் காசுக்குள் சத்தான சாமான் வாங்கும் எண்ணம் சனங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவர ஒரு தொண்டு நிறுவனத்தார் அவளை அனுப்பியிருந்தார்கள். போன மாதம் கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று சொன்ன பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போகவேண்டும்.

முட்டை வாங்குவீர்களா, கீரை வாங்குவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கட்டாயம் வாங்குவேன் என்றால் கிண்ணத்தில் ஐந்து கடலை போடவேண்டும். சந்தேகம் என்றால் இரண்டோ ஒன்றோ.

காலையிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு வீட்டிலும் ஐந்து விழவில்லை. ரஜனி என்கிற ஒருத்தி கடலையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மனசுல உள்ளதப் போடவா மிஸ், மடியில உள்ளதப் போடவா?" என்று கேட்டு, வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட அந்த லயத்தையே சிரிக்கவைத்தாள். பிறகு ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்மாக்கண்ணு அப்படி விளையாடுகிற ஆளாகத் தெரியவில்லை. ஜெயந்தினி அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நின்றபோது வாங்க என்றுகூடச் சொல்லவில்லை; பாயை மட்டும் விரித்துப் போட்டாள். மலைநாட்டு ஆட்கள் வாய்நிறைய வரவேற்பார்களே, இவள் கொஞ்சம் இறுக்கமானவள் போலிருக்கிறது என்று ஜெயந்தினி நினைத்துக்கொண்டாள்.

அம்மாக்கண்ணு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அவளுடைய மகள் நிலக்ஷி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்தானே, நிதானமாகக் கேட்கலாம் என்று நினைத்து ஜெயந்தினி தொடங்கினாள்.

கேட்கக் கேட்க ஐந்து ஐந்தாகத்தான் விழுந்தது. கௌபிப் பயறு, பால், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எதற்கும் அம்மாக்கண்ணு யோசிக்கவில்லை. அன்று அந்திக்கே தன் தம்பி ஹட்டனுக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடுவான் என்றாள்.

காசு காணுமா என்று ஜெயந்தினி தயங்கித்தான் கேட்டாள். சங்கத்தில் கொஞ்சம் தந்தார்கள், லயத்து ஆட்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள் என்று பதில் வந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்காக ஒரு லயமே கைகொடுக்கிறதே என்று ஜெயந்தினி வியந்துபோனாள்.

"ஆப்பிளும் வாங்கணும் மிஸ்," என்றாள் அம்மாக்கண்ணு.

ஜெயந்தினி கொண்டுவந்த கேள்விகளில் ஆப்பிளே இல்லை. "அது தேவையில்லை அக்கா. அந்தக் காசுக்கு பப்பாப்பழமும் முட்டையும் வாங்கினால் பிள்ளைக்கு ஒரு கிழமைக்குக் காணும்."

"அவ கேட்டது ஆப்பிள்தாங்க. நாந்தான் அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம்னே தள்ளிட்டேன்." அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இந்தத் தடவ அவளுக்கு ஒன்னுங் கொறயக் கூடாது."

பிள்ளைக்குச் செல்லம் கூடிப்போச்சு என்று ஜெயந்தினி சிரித்தாள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை.

முட்டையை அவித்தால் நல்லதா, பொரித்தால் நல்லதா என்று அவள் திடீரென்று கேட்டாள். அவித்தால்தான் நல்லது என்று ஜெயந்தினி சொன்னதும் அம்மாக்கண்ணுவின் முகம் வாடிப்போனது. நிலக்ஷிக்கு வெங்காயம் போட்டுப் பொரித்தால்தான் பிடிக்குமாம். அவித்த முட்டையைத் தொடவே மாட்டாளாம்.

"அப்ப பொரிச்சே குடுங்கோ அக்கா," என்றாள் ஜெயந்தினி இரக்கத்தோடு. "அவள் விருப்பப்பட்டுச் சாப்பிட்டால் அது போதும்."

அம்மாக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

இப்படி ஒரு தாய் இருக்கும்போது அந்தப் பிள்ளை தேறாமல் போகாது என்று ஜெயந்தினி மனதார நம்பினாள். மலை இறங்கிப் போய் இந்த ஒரு வீட்டைப் பற்றியாவது சந்தோஷமாகச் சொல்லலாம். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். அதற்குக் கடலையும் வேண்டியதில்லை.

"இதெல்லாம் எந்த நேரச் சாப்பாட்டுக்கு அக்கா? காலமையோ, மத்தியானமோ, இரவோ?"

அம்மாக்கண்ணு கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"படையலுக்குங்க மிஸ். நாளைக்குப் புள்ளைக்குக் கருமாதி."

உங்கள் வீடுகளில் பிள்ளைக்கென்று வாங்குவதெல்லாம் பிள்ளை வாய்க்கே போய்ச் சேரட்டும், கண்ணுகளா.