போதுமான வசதி

செயலி அங்காடியின் பரிசோதகி அந்த விண்ணப்பத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தாள். போன் திரை முழுவதையும் கருஞ்சிவப்பாக்கும் செயலி. அனுப்பியவரின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான்.

"வெளிச்சம் பட்டா கண் கூசுறவங்களுக்காம். பாவம், கெஞ்சி எழுதியிருக்கார். விட்டுடலாமே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"திரையோட நிறத்துல வெளியாள் கை வைக்கக் கூடாது சார், அதான் விதி. என் தம்பிக்கும் இதே கோளாறுதான். போன்லேயே இருக்கிற வசதியை வெச்சு, நாள் பூரா புகார்களுக்குப் பதில் எழுதிச் சம்பாதிக்கிறான். இவருக்கு மட்டும் என்ன கேடு?"

'உள்ள வசதியே போதுமானது' என்று எழுதி நிராகரித்தாள்.

அன்று மாலை தம்பியின் வீட்டுக்குப் போனபோது ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அவன் கண்களின் மேல் ஈரத்துணியோடு படுத்திருந்தான்.

"வேலை போச்சுக்கா. நாலு நாளா திரையையே பாக்க முடியலை."

"ஏன்டா, போன்ல இருக்கிற வசதி என்னாச்சு?"

"அது எனக்கு என்னிக்குக்கா உதவுச்சு? உன் வேலைக்குச் சிக்கல் வரக் கூடாதுன்னு உன்கிட்ட சொல்லாம, நானே ஒரு ஆப் எழுதி ஓட்டிக்கிட்டிருந்தேன். சோதனைக் கெடு முடிஞ்சு அது நின்னுபோச்சு. ஸ்டோர்ல ஏத்துக்கிட்டாத்தான் இனிமே திறக்கும்."

அவள் துணியை எடுத்து நனைத்து மறுபடியும் வைத்தாள்.

"இன்னிக்குப் பதில் வந்திருக்கு. என்னால கண்ணைத் திறக்க முடியலை," என்று போனை நீட்டினான். "நீயே படிச்சுச் சொல்லுக்கா."