மேல்பூச்சு

"துருவா? ஒரு பொட்டு துரு கெடையாதுங்க. பத்து வருசத்துக்குக் கதவப் பத்தி நீங்க நெனைக்கவே வேணாம்."

கோதண்டபாணி இப்படிச் சொல்லிவிட்டு, கறுப்புக் காரின் பின்கதவை இரண்டு விரலால் தட்டிக் காட்டினான். இடம் பார்த்துத்தான் தட்டினான்.

காரை வாங்க அரக்கோணத்திலிருந்து வந்திருந்தார் ராஜகோபால். அரிசி மில் வைத்திருக்கும் மனிதர், ஐம்பது வயதிருக்கும். கதவைத் திறந்து பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

சந்தேகப்படுகிறார் என்று கோதண்டபாணி நினைத்தான். திருத்தணி மலைப்பக்கம் கையை நீட்டி, "மேல இருக்கிற முருகன் சத்தியமா சொல்றேங்க" என்றான்.

ராஜகோபால் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியமெல்லாம் எதுக்குப்பா" என்றார். சொன்ன விலையைக் குறைத்துக் கேட்காமல் கொடுத்தார். காரை விற்கும் தாயாரம்மாள் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, அவள் முகத்தைப் பார்க்காமலே, வேலை இருக்கிறது என்று வண்டியில் ஏறிவிட்டார்.

கார் தாயாரம்மாளின் கணவர் டாக்டர் சிவப்பிரகாசத்தினுடையது. யுத்தம் தொடங்கிய வருஷம் எங்கேயோ போய்ப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டிவந்தார். வாசலில் வந்து நின்ற பிறகுதான் தாயாரம்மாளுக்கே விஷயம் தெரியும். பள்ளிப்பட்டு, கனகம்மாசத்திரம் என்று எந்த ஊரில் யார் படுத்தாலும் அதில்தான் போவார். கோதண்டபாணியின் மனைவி ஞானம்மாள் பிரசவத்தில் பிழைத்ததே அந்தக் கார் வேளைக்கு வந்ததால்தான்.

போன மார்கழியில் டாக்டர் போய்விட்டார். வண்டியை விற்றுவிட்டு சித்தூரில் தம்பி வீட்டோடு போவதைத் தவிர தாயாரம்மாளுக்கு வேறு வழியில்லை. பார்வைக்குக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடு என்று கோதண்டபாணியைக் கூப்பிட்டாள். தகர வேலை, பெயிண்டு வேலை இரண்டும் தெரிந்தவன் அவன்.

ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை நெம்பி எடுத்துப் பார்த்தான். அடியில் தண்ணீர் தங்கித் தங்கி, நாலு கதவிலும் இரும்பு அப்பளமாக நொறுங்கியது. பின்கதவில், ஓட்டை அடைக்கப் பூசிய பழைய மக்கு ஒரு விரல் கனத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. யாரோ எப்போதோ துருவை மூடிப் பெயிண்டு அடித்திருக்கிறார்கள்.

வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டிய வேலை. தகடோ சர்க்கார் கண்ட்ரோலில் இருந்தது. பெர்மிட்டுக்கு எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் ஆகும். வியாழக்கிழமை வாங்குகிறவர் வருகிறார். உள்ளதைச் சொன்னால் பாதி விலைக்கும் போகாது.

தாயாரம்மாளிடம் அவன் வாய் திறக்கவில்லை. ஓட்டைகளில் சணல் திணித்தான். சுண்ணாம்புப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து மக்கு வைத்துத் தேய்த்தான். மேலே மூன்று தரம் கறுப்பு அடித்து, ரப்பரைத் திரும்பப் பொருத்தினான். புதுக் கதவு தோற்றுவிடும்.

கார் விற்றுப்போன மாதம் கிருத்திகைக்கு அவன் மலை ஏறவில்லை. கால் வலி என்றான்.

"கல்யாணமான நாளா ஒரு கிருத்திகை வுட்டதில்ல. இன்னாய்யா ஆச்சி ஒனக்கு?" என்றாள் ஞானம்மாள்.

இரண்டு நாள் மழுப்பினான். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டாக்டர் வீட்டுக்குச் செய்த நன்றி என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாங்குனவரு வூட்டுப் பொம்பளைங்க அதுல ஏறமாட்டாங்களா? கதவுல சாஞ்சிகினு வரும்போது கண்ணாடி கழண்டு மேல வுழுந்தா?"

அவன் தட்டை விட்டு எழுந்தான். மறுநாள் காலை ரயிலில் அரக்கோணம் போனான்.

மில்லுக்குப் பின்னால் கொட்டகையில் கார் நின்றிருந்தது. கொண்டுவந்த நாளிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை போலும். பெயிண்டின்மேல் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. ராஜகோபால் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கோதண்டபாணி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கதவு நாலும் துருங்க. மக்கு வெச்சி மூடிட்டேன். சத்தியம் பண்ணதும் பொய்யிங்க. அந்தம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, அவங்ககிட்ட போய்க் கேட்டுடாதீங்க. தகடு எங்கனா தேடிப் புடிச்சி நானே வெட்டி வெச்சிக் குடுத்துடறேன். கூலி வேணாம்."

காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். ராஜகோபால் திட்டவில்லை. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இந்த வண்டியப் பத்தி டாக்டரு எதுனா சொல்லுவாராப்பா?"

"நல்ல வண்டின்னுதாங்க சொல்லுவாரு. ஒருத்தரையும் கொறை சொல்லத் தெரியாது அவருக்கு."

ராஜகோபால் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அவருக்கு இத வித்தது நான்தாம்பா."