நிரந்தரமாக மூடப்பட்டது

கடை திறந்துதான் இருக்கிறது. அப்பா தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பயணப் பெட்டியின் ஜிப்புக்குப் புது ரன்னர் கோத்துக்கொண்டிருக்கிறார்.

என் போனில் அதே கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தில், கடைப் பெயருக்குக் கீழே, சிவப்பு எழுத்தில்.

யார் சொல்லி மூடினார்கள் என்று அந்த வரைபடக் கம்பெனியிடம் கேட்க வழியே இல்லை. உலகத்தையே உள்ளங்கையில் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு, எடுத்துப் பேச ஓர் ஆளை வைக்கத் துப்பில்லை. திறந்திருக்கிறது என்று நான் மாற்றினாலும் ஏற்பதில்லை; எழுதினால், ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வருகிறது. முக்கியமாம்.

புது முகம் ஒன்று கடை ஏறி வெகு நாளாகிறது. இப்படியே போனால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வெறும் கோபம்தான் என்று சொன்னால் பொய். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படி மிதித்தவள் நான். வகுப்பில் புரியாததைக் கேட்டால் பக்கத்தில் சிரிப்பார்கள். அந்தக் கம்பெனியின் வீடியோ மட்டும்தான் சலித்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது. இந்தச் சந்துக்குள் ஆட்களைக் கூட்டிவந்ததும் அதே வரைபடம்தான். அப்போது கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது வாயில் வந்தபடி திட்டுகிறேன். இரண்டும் மனசாரத்தான்.

வரைபடத்தில் கடைக்கு இருக்கும் கணக்கு என் போனில்தான் இருக்கிறது. படம் போடுவது, கடை நேரம் மாற்றுவது, குறை சொல்கிறவர்களுக்கு அப்பா பெயரில் பதில் எழுதுவது, எல்லாம் நான்தான். தையல் கோணல் என்று ஒருவர் எழுதினார். ‘வீட்டையே பெட்டிக்குள் திணித்தால் தையல் என்ன செய்யும்? அடுத்த தடவை லாரி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று போட்டேன். காத்திருக்க வைத்தார் என்று எழுதியவருக்கு இன்னும் காரமாக. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற மனிதருக்காக வேறு யார் பேசுவது?

இன்றைக்கு ஒரு முடிவோடு கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். ‘என் கடையை மூட நீங்கள் யார்?’ என்று தொடங்கி, எழுத எழுத வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஏய் பட்டதாரி, விட்டுடுடி. நீ போடுற சத்தத்துல அவங்க கம்பெனியையே இழுத்து மூடிட்டு ஓடிடப் போறாங்க.”

எப்போதும் தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பவள், இன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரன்னரைக் கீழே வைத்தார்.

“அவங்கள திட்டாதம்மா. அப்படிப் போடச் சொன்னது நான்தான். அக்காதான் அவ போன்லேர்ந்து கடை மூடியாச்சுன்னு எழுதிப் போட்டுக் கொடுத்தா.”



எழுதியிருப்பதையெல்லாம் போனே வாசித்துக் காட்டுமாம். அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன குறையையும், அதற்குத் தன் பெயரில் போயிருந்த பதிலையும்.

“தையல் கோணல்தான்மா. எனக்கே தெரியும். அவர் திரும்ப வந்தா பிரிச்சுத் தைச்சுக் கொடுக்கலாம்னு இருந்தேன்.” ஜிப்பின் பல்லை விரலால் நீவினார். “என் பேர்ல ஒருத்தன் அங்க உட்கார்ந்துகிட்டு வர்றவங்க போறவங்களை எல்லாம் ஏசிட்டு இருக்கான். ஆள் வராட்டிப் போகுது. அவன் கடையைத்தான் மூடச் சொன்னேன்.”

யார் அவன் என்று அப்பா கேட்கவே இல்லை.

புகார் அனுப்பப்படாமல் திரையில் அப்படியே இருந்தது. அதன் அடியிலும் அப்பாவின் பெயரைத்தான் போட்டிருந்தேன்.