நர்ஸின் வலது கை

இடுப்பில் துப்பாக்கி இருப்பதால், பணியில் இருக்கும் நர்ஸின் வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது மருத்துவமனை விதி. இரண்டு கையாலும் எதையாவது தூக்கினால் துப்பாக்கி கத்தும். துப்பாக்கியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் கத்தும். காலையிலிருந்து இரண்டு முறை கத்திவிட்டது. மூன்றாவது முறை கத்தினால் காவலர் வந்து நர்ஸ் நேசமலரை வெளியே அனுப்பிவிடுவார். வார்டில் இருபது பேருக்கும் அவள் ஒருத்திதான்.

கோதண்டம் தலையணையிலிருந்து சரிந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இடது கையால் தூக்கிப் பார்த்தாள். எண்பது கிலோ அசையவில்லை.

"இன்னொரு கை எங்கம்மா போச்சு?" என்றார் இரைத்தபடி.

"அதைத் துப்பாக்கிக்குக் கொடுத்துட்டாங்க ஐயா."

சலிப்போடு துப்பாக்கியை உருவி அவர் கையில் திணித்தாள். "கொஞ்சம் பிடிங்க. விரலை அங்க வைக்காதீங்க!"

துப்பாக்கி கத்தவில்லை. யாராவது பிடித்திருந்தால் அதற்குப் போதும்போல. அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள். மூச்சு சீரானது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது.

"சிஸ்டர், என்னையும் திருப்பிப் போடணும். அதை இப்படிக் கொடுங்க."