சிரிக்காத மாப்பிள்ளை

"சிரிச்சாரா? ஒரு தடவையாவது பல்லைக் காட்டினாரா? நீங்களே சொல்லுங்க!"

வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய மனைவியின் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை. பெண் பார்க்க வந்திருந்த பல் டாக்டரின் ஸ்கூட்டர் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்காது.

"காட்டல," என்றார் நூலகர். "அதான் எனக்குப் பிடிக்கல."

"அதான் எனக்குப் பிடிச்சிருக்கு!"

நூலகர் டீ கோப்பைகளை எடுத்து அடுக்கினார். 'அமைதி' என்று பலகை மாட்டிய இடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர். வீட்டிலும் அந்தப் பலகை அவர் கழுத்தில்தான் தொங்குகிறது என்று மனைவி சொல்வாள்.

எல்லாம் அந்த டிவி தொடரால் வந்த வினை. யாரோ எப்போதோ எழுதிய ஆங்கிலக் காதல் நாவலைத் தொடராக எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, தினமும் சாயங்காலம் போட்டார்கள். குதிரை வண்டி, தரையைக் கூட்டும் பாவாடை, நாலு பேர் கூடினால் நடனம். அதில் சிரிக்கச் சிரிக்கப் பேசி வீட்டையே மயக்குகிறவன் கடைசியில் அயோக்கியன். மூலையில் உம்மென்று நின்று ஊரெல்லாம் கெட்ட பேர் வாங்குகிற மாளிகைக்காரன்தான் தங்கம்.

தொடர் முடிந்துவிட்டது. மனைவிக்கு முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்த்த மகள்கூட அதை மறந்திருப்பாள். ஆனால் அதன் பிறகு வந்த வரன்களில் சிரித்தவன் எவனும் தேறவில்லை. டீ நன்றாயிருக்கிறது என்ற வங்கி அதிகாரி, "இப்பவே ஐஸ் வைக்கிறான்." வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்த இன்ஜினியர், "உள்ள என்னமோ இருக்கு."

இன்று வந்த டாக்டர், வரன் தேடும் தளத்தில் அவராகவே எழுதிக் கேட்டு வந்தவர். சோபாவைக் காட்டினால் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். டீயை ஒரு வாய் குடித்து, "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். வேலை எப்படிப் போகிறது என்று நூலகர் கேட்டதற்கு, "போகுது." உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று மகள் கேட்டதற்கு, "தனிமை."

மனைவி ஆசையாக அந்தத் தொடரின் நடனக் காட்சியை விவரிக்க ஆரம்பித்ததும் மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் துடித்தது. எவ்வளவு அகம்பாவம் இருந்தால் இவ்வளவு எரிச்சல் வரும் என்று நூலகருக்கு உள்ளுக்குள் கொதித்தது.

"குழந்தைகளுக்குப் பல்லு பாக்குறவன்னு சொல்றான்," என்றார் இப்போது. "இந்த மூஞ்சியைப் பாத்து எந்தக் குழந்தை வாயைத் தொறக்கும்?"

"நீங்க மட்டும் அன்னிக்கு எங்க வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டா வந்தீங்க? இஞ்சி தின்ன மாதிரி உக்காந்திருந்தீங்க. எங்க அப்பாவே பயந்துட்டார். நான்தான் சொன்னேன், இவர் ஆழமான மனுஷன்னு. தப்பாவா போச்சு?"

அன்று அவர் போட்டு வந்தது அண்ணனிடம் இரவல் வாங்கிய ஷூ. ஒரு அளவு சின்னது. வாசலில் கழற்றிய பிறகும் இரண்டு கட்டைவிரலிலும் உயிர் போகிற வலியோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஆழத்தை இதுவரை அவர் மனைவியிடம் சொன்னதில்லை.

"அவளைக் கேட்டியா?"

"கேட்டாச்சு. 'உங்க இஷ்டம்மா'ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா. என் வளர்ப்பு! எங்க என் கண்ணாடி? போன் பண்ணி இப்பவே சரின்னு சொல்லிடறேன். இப்படிப்பட்ட பையனை விட்டா வேற எவளாவது கொத்திட்டுப் போயிடுவா."

மனைவி கண்ணாடியைத் தேடி உள்ளே போனாள்.

நூலகர் கூடத்தில் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு போனாளாம். அவளுக்குக் குனியத் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பூனை தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிக்கிறவள். இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவள் சிரிப்புதான். அந்த ஜன்னலோரத்துச் சிலையோடு வாழ்ந்தால் எத்தனை நாளைக்கு அது மிஞ்சும்? தானும் பேசாத ஆள்தான். பேசாத ஆளோடு ஒரே மேஜையில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் மனைவியைக் கேட்டதில்லை. இன்று அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

எதையெதையோ விழுங்கியாயிற்று. இதை மட்டும் விழுங்கக் கூடாது.

மகளின் அறைக் கதவைத் தள்ளினார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அழாதம்மா," என்றார். "உங்கப்பா செத்தா போயிட்டேன்? இந்தக் கல்யாணம் நடக்காது. அந்த உம்மணாமூஞ்சி வேண்டாம். இப்பவே போய் உங்கம்மாகிட்ட சொல்றேன். அவ ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிச்சாலும் சரி, இன்னிக்கு நான் பேசறதாத்தான் இருக்கேன்."

மகள் துள்ளி எழுந்தாள். ஓடிப்போய்க் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது வாஸ்தவம்தான். ஆனால் வாய் காது வரைக்கும் விரிந்திருந்தது.

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கும் வாயைத் தொறக்காதீங்க!" என்று கிசுகிசுத்தாள். "நானும் அவரும் ரெண்டு வருஷமாப் பழகறோம், அவர் ஒரு நிமிஷம் சேர்ந்தாப்ல சிரிக்காம இருந்து நான் பாத்ததில்ல. அந்தத் தொடரை முழுசாப் போட்டுக் காட்டி, மூஞ்சியை உம்முனு வெச்சுக்கப் பழக்கிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"