பல்லி சொன்ன நேரம்

ஒரு காட்டோரப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது. வெளியே பார்த்தால் மரம், உள்ளே வெறும் மண்.

"பல்லியக்கா, என்னால முடியல. பிள்ளைங்க எப்போ இங்கேருந்து போகும்?" என்று உத்தரம் தினமும் கேட்கும்.

"எதிரே புது வகுப்பறை கட்டி, வெள்ளையும் அடிச்சாச்சு. ரிப்பன் வெட்டப் பெரியவர் வரணுமாம், அதான் பூட்டியே கிடக்கு."

"ரிப்பன் காத்திருக்கும். நான் காத்திருப்பேனா?"

அன்று காலை பலத்த மழை. உத்தரம் முனகியது. உதிர்ந்த மண் செலின் டீச்சரின் தோளில் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், பிள்ளைங்களை இப்பவே புது ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"பெரியவர் கோவிச்சுக்குவாரே டீச்சர்..." என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. "ச்சு, ச்சு, ச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

தலைமையாசிரியர் தரையைச் சுண்டித் தட்டினார். "பல்லியே சொல்லிடுச்சு. அப்புறம் என்ன, வாங்க!" என்று சாவியை எடுத்தார்.

சத்துணவுத் தட்டுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் மழையில் ஓடினார்கள்.

"எல்லாரும் போயாச்சா அக்கா?"

"ஐயோ, பொறு! சிலேட்டை மறந்துட்டு ஒருத்தி திரும்பி வர்றா!"

உத்தரம் பல்லைக் கடித்துக்கொண்டது. சின்னப் பாதங்கள் உள்ளே வந்தன, தேடின, மறுபடி வாசலைத் தாண்டின.

"நீ?"

"வால் மட்டும்தான் உள்ளே இருக்கு. போனா முளைச்சுக்கும்," என்றது பல்லி, ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

"அப்பாடா!" என்று உத்தரம் படுத்துக்கொண்டது.